1,180 ரூபாயில் 18% கழித்தால் ஏன் 1,000 வருவதில்லை?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளரிடம் வரியோடு சேர்த்து 1,180 ரூபாய் வாங்கினீர்கள். பில்லில் வரியைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதால் செல்போன் கால்குலேட்டரில் 1,180 போட்டு 18% கழித்தீர்கள், 967.60 வந்தது. ஆடிட்டரோ 1,000 என்று எழுதச் சொல்கிறார். வரி 18% என்று சட்டமே சொல்லும்போது அந்த 18 சதவீதத்தைக் கழிப்பது எப்படித் தப்பாகும் என்று கேட்கிறீர்கள்.

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. வருடக்கணக்கில் பில் போடுகிறவர்களிடமும் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த சதவீதத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எதனுடைய சதவீதம் என்பதைத்தான். ஜிஎஸ்டி 18% என்றால் பொருளின் விலையில் 18%. வாடிக்கையாளர் கடைசியில் கொடுக்கிற பணத்தில் 18% அல்ல. விலை 1,000, அதன் மேல் வரி 180, மொத்தம் 1,180. நீங்கள் கழித்தது 1,180-ல் 18%, அதாவது 212.40. அந்த 212.40-ஐப் பிரித்துப் பாருங்கள்: 1,000 ரூபாய்க்கு 180, மீதி 32.40. அந்த 32.40 எங்கிருந்து வந்தது? 180 ரூபாய் வரிக்கும் 18% போட்டிருக்கிறீர்கள். வரிக்கு வரி போட்டதுதான் அந்த வித்தியாசம்.

அப்போது எப்படிப் பிரிப்பது? விலையை 100 என்று வைத்தால் வரியோடு சேர்த்து 118. கையில் இருக்கும் தொகை அந்த 118 பங்கு. நமக்கு வேண்டியது 100 பங்கு. எனவே தொகையை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் ஒரே தட்டில், 1,180 ÷ 1.18 = 1,000. வரி 5% என்றால் 1.05-ஆல் வகுக்க வேண்டும், 40% என்றால் 1.40-ஆல். எக்செல் தாளாக இருந்தாலும் டேலி என்கிற கணக்கு மென்பொருளாக இருந்தாலும் உள்ளே நடப்பது இதே வகுத்தல்தான். கழித்தல் பொத்தானையும் சதவீதப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் செல்போன் மொத்தத்தின் மீதுதான் சதவீதம் போடும். அதன் வழக்கம் அது. அதற்கு உங்கள் ஜிஎஸ்டி தெரியாது. சில மேஜைக் கால்குலேட்டர்களில் வரியைப் பிரிப்பதற்கென்றே தனிப் பொத்தான் இருக்கும். வீதத்தைச் சரியாகப் பதிந்து வைத்திருந்தால் அதை நம்பலாம்.

இது ஆடிட்டரின் சொந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 35-வது விதி இதற்காகவே இருக்கிறது. தொகைக்குள் வரி அடங்கியிருந்தால், அந்தத் தொகையை வரி வீதத்தால் பெருக்கி, 100-உடன் எல்லா வரி வீதங்களையும் கூட்டி வருகிற எண்ணால் வகுக்க வேண்டும், கிடைப்பதே வரி. இதில் ‘எல்லா வரி வீதங்களையும் கூட்டி’ என்பது முக்கியம். மத்திய ஜிஎஸ்டி 9%, மாநில ஜிஎஸ்டி 9% என்று இரண்டாகப் போடும்போதும் 118-ஆல்தான் வகுக்க வேண்டும். சிலர் 109-ஆல் ஒரு முறை வகுத்து, வந்ததை மறுபடி 109-ஆல் வகுக்கிறார்கள். இரண்டு வரியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுவதில்லை. இரண்டும் ஒரே விலையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 1,180-ஐ 118-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் மத்திய வரி 90, மாநில வரி 90.

மனக்கணக்காகப் போட விரும்புகிறவர்களுக்குப் பின்னம் சுலபம். 5% வரி என்றால் மொத்தத்தில் 21-ல் ஒரு பங்கு வரி. 420 ரூபாய் ஓட்டல் பில்லில் 20 ரூபாய் வரி, 400 ரூபாய் சாப்பாடு. 40% என்றால் 7-ல் 2 பங்கு. 18% மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: 59-ல் 9 பங்கு, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 15.25%. இந்த 15.25-ஐ மனதில் வைத்தால் போதும். 18% வரி உள்ள எந்தப் பில்லிலும் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்தே கால் ரூபாய்தான் வரி. அதற்கு மேல் காட்டியிருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். இலங்கையில் 2024 ஜனவரி முதல் வாட் 18% ஆனதால் அங்கேயும் இதே பின்னம்தான். சிங்கப்பூரில் 9%, அங்கே 1.09-ஆல் வகுக்க வேண்டும்.

இந்தத் தப்பு ஏன் இவ்வளவு நாள் கண்ணில் படாமல் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கழித்துப் போடுகிறவர்களுக்கு விழும் குறை, வீதத்தை வீதத்தாலேயே பெருக்கினால் வருகிற அளவு. 5% பொருளில் 0.05 × 0.05, அதாவது விலையில் கால் சதவீதம். 1,050 ரூபாயில் 5% கழித்தால் 997.50 வரும், இரண்டரை ரூபாய்தானே என்று யாரும் கவனிப்பதில்லை. 18%-ல் அதுவே 3.24% ஆகிறது, உங்களுக்கு வந்த 32.40. 40% பொருளில் 16%. 1,400 ரூபாயில் 40% கழித்தால் 840 வரும், உண்மையான விலை 1,000. ஐந்து சதவீதச் சரக்கு விற்றுப் பழகியவர் பதினெட்டு சதவீதச் சரக்குக்கு மாறும்போதுதான் பெரும்பாலும் இது வெளியே தெரிகிறது.

இன்னொரு வருத்தமான விஷயம், இந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகும். பில்லில் 212.40 வரி என்று எழுதி வாங்கிவிட்டால், வரி என்று சொல்லி வாங்கிய பணம் முழுவதையும் அரசுக்குக் கட்டியாக வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 76-வது பிரிவு. சரியாகப் போட்டிருந்தால் 180 கட்டினால் போதும்.

அடுத்தது நீங்கள் கேட்காதது, ஆனால் உங்கள் கடைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வீதங்கள் மாறின. ஏசி 28-லிருந்து 18-க்கு வந்தது. ‘பத்து சதவீதம் குறைந்துவிட்டதே, 40,000 ரூபாய் ஏசியில் 4,000 குறையுங்கள்’ என்று கேட்ட வாடிக்கையாளர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 40,000 ÷ 1.28 = 31,250. இதுதான் வரிக்கு முந்தைய விலை. இதன் மேல் 18% போட்டால் 36,875. குறைய வேண்டியது 3,125 ரூபாய். நூற்றுக்கு 7.8 ரூபாய்தான், பத்து அல்ல. பிஸ்கட் 18-லிருந்து 5-க்கு வந்தது. 13 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 118 ரூபாய்ச் சரக்கு 105 ஆகிறது, நூற்றுக்கு 11.02 ரூபாய் குறைவு. 12-லிருந்து 5-க்கு வந்த பொருளில் நூற்றுக்கு 6.25. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று பலர் நினைத்தது இந்தக் கணக்கு தெரியாததால்தான். வரிக்குறைப்பைக் கொடுக்காத கடைகளும் இருந்திருக்கலாம். ஆனால் 3,125 ரூபாய் குறைத்துக் கொடுத்தவர் முழுதாகவே கொடுத்துவிட்டார், அவரைக் குறை சொல்லக் கூடாது.

சரி, இனி கொஞ்சம் சிக்கலான இடம். எனக்கு இதில் மிகவும் சுவாரஸ்யமான பகுதியும் இதுதான். சில பொருள்களுக்கு வரி வீதமே விலையைப் பொறுத்து மாறும். ரெடிமேட் ஆடை ஓர் உருப்படி 2,500 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் 5%, போனால் 18%. தைக்காத சேலை, வேட்டி எல்லாம் துணிக் கணக்கில் வருவதால் அவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. சட்டை, சுடிதார் செட் போன்றவற்றுக்கு உண்டு. இப்போது ஒரு சட்டைக்கு வரி உட்பட 2,700 ரூபாய் என்று விலை ஒட்டியிருக்கிறது. வரிக்கு முந்தைய விலை என்ன?

5% என்று எடுத்து 1.05-ஆல் வகுத்தால் 2,571.43 வருகிறது. இது 2,500-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் 5% செல்லாது. சரி, 18% என்று எடுத்து 1.18-ஆல் வகுத்தால் 2,288.14. இது 2,500-க்குக் கீழே. அப்படியானால் 18% செல்லாது. எந்தப் பக்கம் போனாலும் கதவு மூடியிருக்கிறது. நீங்கள் தப்பாக வகுக்கவில்லை, அந்த விலையே அப்படி. வரம்பில் நிற்கும் 2,500-ன் மேல் 5% போட்டால் 2,625. 2,500-ஐ ஒரு பைசா தாண்டினாலும் 18% விழுந்து மொத்தம் 2,950-ஐத் தாண்டிவிடும். ஆகவே 2,625-க்கும் 2,950-க்கும் நடுவில் இருக்கிற எந்தத் தொகையும் வரி உட்பட்ட விலையாகச் சரியாக உட்காராது. காலணிக்கும் ஒரு ஜோடிக்கு இதே 2,500 வரம்பு இருப்பதால் அங்கேயும் இதே ஓட்டை. ஓட்டல் அறைக்கு வரம்பு ஒரு நாளைக்கு 7,500. அங்கே 7,875-க்கும் 8,850-க்கும் நடுவில் இடைவெளி.

துணிக்கடை நடத்துகிற நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 2,799 என்று அழகாக விலை ஒட்டிவிட்டு, பிறகு வரியைப் பிரிக்க உட்காருவது தலைவலி. வரிக்கு முந்தைய விலையை முதலில் முடிவு செய்து, அதன் மேல் வரியைப் போட்டு, வருகிற தொகையை ஒட்ட வேண்டும். பில்லிங் மென்பொருளில் வரி உட்பட்ட விலையை மட்டும் கொடுத்து வீதத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால், அது முதலில் எந்த வீதத்தைச் சோதிக்கிறதோ அதில் போய் நிற்கும். அது சரியான வீதமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பைசா விவகாரமும் உங்களுக்கு வரும், வந்திருக்கும். 10 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட சலவைத்தூள் பாக்கெட், வரி 18%. 10 ÷ 1.18 = 8.4746. இரண்டு தசமத்துக்குத் திருத்தினால் 8.47. இதன் 9% 0.76. மத்திய வரி 0.76, மாநில வரி 0.76, எல்லாம் கூட்டினால் 9.99. ஒரு பைசா காணோம். ஒரு டஜன் பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட்டின் 8.47-ஐ 12-ஆல் பெருக்கிக்கொண்டு போனால் 101.64, இரண்டு வரியும் தலா 9.15, மொத்தம் 119.94. ஆறு பைசா குறைகிறது. அதற்குப் பதிலாக முழு 120 ரூபாயையும் ஒரே தடவை 1.18-ஆல் வகுத்தால் 101.69; இரண்டு 9.15-ஐயும் கூட்டினால் 119.99. எனவே வழி இதுதான்: பில்லின் ஒரு வரிசையில் இருக்கும் மொத்த அளவுக்கும் சேர்த்து ஒரே முறை வகுங்கள், கடைசியில் மட்டும் திருத்துங்கள். மீதி நிற்கும் ஒன்றிரண்டு பைசாவை பில்லின் அடியில் ‘ரவுண்டு ஆஃப்’ என்று தனி வரிசையாகக் காட்டிவிடலாம். விலையையோ வரியையோ இழுத்துப் பிடித்துப் பொருத்தாதீர்கள்.

ஒரே பில்லில் 5% சரக்கும் 18% சரக்கும் கலந்திருந்தால் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு பொருளாகத்தான் போக வேண்டும். ஆனால் மொத்தமும் மொத்த வரியும் தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. பில் 2,178, அதில் வரி 178 என்று வையுங்கள். விலை மட்டும் 2,000. எல்லாமே 5% சரக்காக இருந்திருந்தால் வரி 100 வந்திருக்கும். கூடுதலாக 78 வந்திருக்கிறது. 18% சரக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் 13 பைசா அதிகம் தருகிறது. 78 ÷ 0.13 = 600. ஆக 600 ரூபாய் 18% சரக்கு, 1,400 ரூபாய் 5% சரக்கு. பழைய பில்களைச் சரிபார்க்கும்போது இது கைகொடுக்கும்.

தள்ளுபடி கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதவீதத் தள்ளுபடி என்றால் வரிக்கு முன் கழித்தாலும் பின் கழித்தாலும் ஒன்றுதான்: 1,180-ல் 10% போனால் 1,062, அதை 1.18-ஆல் வகுத்தால் 900. ஆனால் ‘100 ரூபாய் தள்ளுபடி’ என்றால் எங்கே கழித்தீர்கள் என்பது முக்கியம். வரிக்கு முந்தைய 1,000-ல் கழித்தால் விலை 900. வாடிக்கையாளர் கொடுக்கும் 1,180-ல் கழித்தால் 1,080 ÷ 1.18, அதாவது 915.25. எம்.ஆர்.பி. போட்ட பொருளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

ஒன்றன் மேல் ஒன்றாக வரி ஏறுகிற இடங்களில் கடைசியாக ஏறியதை முதலில் இறக்க வேண்டும். ஓட்டலில் 1,000 ரூபாய்ச் சாப்பாடு, 10% சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 5% ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். மொத்தம் 1,155. 10-ஐயும் 5-ஐயும் கூட்டி 1.15-ஆல் வகுத்தால் 1,004.35 என்று தப்பாக வரும். முதலில் 1.05-ஆல் வகுத்து 1,100, பிறகு 1.10-ஆல் வகுத்து 1,000. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் அதன் வாட் 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் என்று ஆனது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலில் 11.52-ஐக் கழித்து, மீதி 89.48-ஐ 1.13-ஆல் வகுக்க வேண்டும். வாட்டுக்கு முந்தைய விலை 79.19, வாட் 21.81. நிலையான தொகையைக் கழிக்கலாம், சதவீதத்தை வகுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வகை. கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி ஏறுகிறது, கம்பெனி 10% டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரி, பிடிக்கிறது. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ்ஸை வரி சேராத கட்டணத்தின் மீதுதான் பிடிக்க வேண்டும். நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலையிலேயே சுற்றறிக்கை 23-ல் இதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டும் ஒரே கட்டணத்தின் மீது நிற்பதால் இங்கே 18-ல் 10-ஐக் கழிக்கலாம். வங்கியில் 54,000 விழுந்தால் 54,000 ÷ 1.08 = 50,000 கட்டணம். ஜிஎஸ்டி 9,000, டிடிஎஸ் 5,000. வங்கியில் விழுந்த 54,000-ஐயே வருமானம் என்று எழுதிக்கொள்கிற தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் 9,000 அரசுடைய பணம்.

காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், இருக்கிற வியாபாரிகளுக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. வாங்குகிற முழுத் தொகையும் விற்பனை. அதன் மேல் சரக்கு வியாபாரி 1% தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 1,180 வாங்கினால் 11.80 வரி. அங்கே 1.01-ஆல் வகுக்கக் கூடாது. நீங்கள் சாதாரணப் பதிவில் இருப்பதால் உங்களுக்கு வகுத்தல்தான்.

இனி, ஏற்கெனவே 967.60 என்று போட்ட பில்கள். அந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரங்களைக் காட்டும் ரிட்டர்ன்) இன்னும் போடவில்லை என்றால் வேலை சுலபம்: பில்லைத் திருத்தி, திருத்திய பிரதியை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, சரியான எண்களோடு ரிட்டர்ன் போடுங்கள். போட்டாகிவிட்டது என்றால் அடுத்து வரும் ஜிஎஸ்டிஆர்-1-ல் திருத்தம் செய்யலாம். அந்த நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரை இதற்கு நேரம் உண்டு, ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. முதலில் ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளர்களின் பில்களைப் பாருங்கள். நீங்கள் எழுதிய 212.40-ஐ அவர்கள் உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்திருந்தால் அவர்களும் திருத்த வேண்டியிருக்கும். அவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டு, பிறகு பில் கட்டை ஆடிட்டரிடம் கொடுங்கள்.